குடியை விட்ட தம்பிக்குத் தமிழில் ஒரு தியானக் குழு கிடைக்குமா?

வணக்கம். தம்பி குடியை நிறுத்திவிட்டு, மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். பகல் ஓடிவிடுகிறது. வேலை முடிந்து பைக்கை எடுக்கும் நேரம்தான் பெரும்பாடு. வாய் வறண்டு, நெஞ்சு படபடக்கும். அப்போது குடிக்கச் சொல்லும் அந்த வேட்கையோடு மல்லுக்கட்டாமல், மூச்சைக் கவனித்தபடி அது எழுவதையும் அடங்குவதையும் பார்க்கச் சொல்கிறது பௌத்தம். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதையே பயிற்சியாக வகுத்தார். தம்பிக்கு நன்றாகவே கைகொடுக்கிறது.

ஆனால் பௌத்தத்தின் ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலத்தில் மதுவைப் பற்றிய ஐந்தாம் சீலத்தைப் பேசினாலே குற்றவுணர்வில் ஒடுங்கிவிடுகிறான். அது கட்டளை இல்லையடா, நாமே ஏற்கும் பயிற்சி, தவறினால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன். அண்ணன் சொன்னால் எடுபடுமா? அதே பாதையில் வந்தவர் சொன்னால் கேட்பான்.

புத்தர் சொன்ன நான்கு உண்மைகளையும் எண்வழிப் பாதையையும் வைத்து, போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கான 'ரெகவரி தர்மா' என்ற அமைப்பு இணையத்தில் கூட்டங்கள் நடத்துகிறது. நான் பார்த்தவை ஆங்கிலத்தில். அவனுக்கு அது ஓடாது.

தமிழில் இப்படிக் கூடுபவர்கள் தெரியுமா? இந்த வழியில் குடியை விட்டவர்கள் யாராவது மாலையில் அவனோடு பத்து நிமிடம் போனில் பேச முடியுமா? அப்புறம், பத்து நாள் விபாசனா தியான முகாமுக்கு இப்போதே போகலாமா? மருத்துவரிடமும் கேட்கப் போகிறேன்; போய்வந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். குழுவில் எழுதத் தயங்கினால் தனிச்செய்தி அனுப்புங்கள்.