பழைய மாடலில் ஆப்ஷன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன: இப்போதே வாங்கலாமா, காத்திருக்கலாமா?

மலைப்பாதை:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக ஒரு காரின் மேல் கண். பெயர் சொல்லவில்லை, சொன்னால் பேச்சு முழுக்க அந்த பிராண்டைப் பற்றியே ஓடும். வந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, நடுவில் ஒரு ஃபேஸ்லிஃப்ட், அதாவது தோற்றத்தில் சின்னச் சின்ன மாற்றம், கொடுத்தார்கள். கொஞ்ச காலத்துக்கு முன்பு கம்பெனி இணையதளத்தில் எனக்குப் பிடித்த மாதிரி ஒன்றை அமைத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். பெரிய எஞ்சின், மேனுவல் கியர், பழுப்பு நிற சீட், அடாப்டிவ் க்ரூஸ் (முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைப்பது) வேண்டும், சன்ரூஃப் வேண்டாம்.

இப்போது போய்ப் பார்த்தால் பாதி இல்லை. மேனுவல் கியர் சின்ன எஞ்சினோடு மட்டும்தான். சீட் என்றால் கறுப்பு, அவ்வளவுதான். பச்சையும் வெண்கல நிறமும் போய், வெள்ளை, கறுப்பு, சாம்பலில் இரண்டு வகை என்று நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால் வேண்டாம் என்ற சன்ரூஃப் மட்டும் மேல் வேரியன்ட்டில் கட்டாயமாகி உட்கார்ந்திருக்கிறது.

ஷோரூமில் ஒருவர் "சப்ளை பிரச்சினை சார், திரும்ப வந்துவிடும்" என்கிறார். பக்கத்து மேசைக்காரர் "இப்போதே புக் பண்ணிவிடுங்கள், அப்புறம் இதுவும் இருக்காது" என்கிறார். யாரை நம்புவது? இது புது மாடல் வருவதற்கான அறிகுறியா? கடைசிக் காலத்து காரை வாங்குவது புத்திசாலித்தனமா?

கியர்பெட்டி:

கார் கம்பெனிகளுக்கு வயரிங் செய்து தரும் இடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல முடியும். நீங்கள் சொன்ன வரிசையைப் பார்த்தால் இது சப்ளை பிரச்சினை மாதிரி தெரியவில்லை. முடிவு நெருங்கும்போது முதலில் போவது நிறம், அப்புறம் சீட் துணி, அப்புறம் யாரும் அதிகம் எடுக்காத எஞ்சின்-கியர் ஜோடி.

பழுப்பு சீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு என்றால் சீட் மட்டும் இல்லை. கதவின் உள்பக்கப் பட்டை, நடுவில் கை வைக்கும் பெட்டியின் மூடி, ஹெட்ரெஸ்ட், தையல் நூல், சில கார்களில் டாஷ்போர்டின் கீழ்ப்பாதி, எல்லாமே தனித்தனி எண் போட்ட பாகங்கள். செய்பவர்களும் வேறு வேறு ஆட்கள். உற்பத்தி எப்போது நிற்கும் என்று தேதி குறித்தவுடன் ஒவ்வொருவரிடமும் "கடைசியாக இத்தனை போதும்" என்று சொல்லியாக வேண்டும். அதிகம் சொன்னால் மிச்சம் குப்பைக்குப் போகும், குறைத்துச் சொன்னால் ஒரு மூடி இல்லாமல் கார் அசெம்பிளி லைனிலேயே நிற்கும். நூறு பேரில் இரண்டு மூன்று பேர் கேட்கும் நிறத்துக்காக இந்தக் கணக்கை யாரும் போட மாட்டார்கள், முன்கூட்டியே தூக்கிவிடுவார்கள். கறுப்பில் அந்தக் கவலை இல்லை, எவ்வளவு இருந்தாலும் போய்விடும்.

வயரிங் கதை இன்னும் மோசம். சில ஜெர்மன் கம்பெனிகள் ஒவ்வொரு காருக்கும் அதன் ஆப்ஷனுக்கு ஏற்ப தனி வயரிங் கட்டு செய்ய வைக்கும். மற்றவர்கள் நாலைந்து நிலைகளில் செய்து வைத்துக்கொண்டு, எது பொருந்துமோ அதைப் போடுவார்கள். எப்படி இருந்தாலும் இந்த வேலையில் பெரும்பகுதி இன்னும் கையால்தான்: நீளமான பலகையில் ஆணி மாதிரிக் கொக்கிகள், அதில் ஒவ்வொரு வயராக ஓட்டி, கிளை பிரியும் இடத்தில் டேப் சுற்றி, கனெக்டர் மாட்டி, கடைசியில் மின்சோதனை. ஒரு ஆப்ஷனை எடுத்துவிட்டால் அதோடு சேர்ந்து வரும் பல வயரிங் வகைகள் காணாமல் போகும். புது மாடலின் வயரிங்குக்குப் பலகையும் ஆட்களும் வேண்டும், அதே கூரைக்குள் இடம் பிடித்தாக வேண்டும். பழையதைச் சுருக்கச் சொல்லி எங்களுக்குக் கடிதம் வந்தால் உண்மையில் நிம்மதியாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, வெளியே யாரும் பேசாதது. பழைய மாடலை வடிவமைத்த எஞ்சினியர்கள் எப்போதோ அடுத்த மாடலுக்குப் போய்விட்டிருப்பார்கள். ஏதோ ஒரு சென்சாரைச் செய்பவர் அதை நிறுத்திவிட்டால் மாற்று சென்சாரைப் பொருத்தி, மென்பொருளைத் திருத்தி, திரும்பச் சோதித்து ஒப்புதல் வாங்க வேண்டும். இன்னும் சில மாதங்களே ஓடப்போகும் காருக்கு அந்தச் செலவைச் செய்ய யார் கையெழுத்துப் போடுவார்கள்? ஆப்ஷனையே எடுத்துவிடுவார்கள்.

ஓரக்கண்ணாடி:

கியர்பெட்டி சொன்னது சரிதான், ஆனால் எல்லாம் தொழிற்சாலை சௌகரியத்துக்காக மட்டும் நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சன்ரூஃப் எப்படிக் கட்டாயமானது? தனியாக விற்றால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள், பேக்கேஜில் சேர்த்தால் எல்லோரும் காசு கொடுப்பார்கள். கடைசிக் காலத்தில் விற்பனை விழும், தள்ளுபடி கொடுத்தாக வேண்டும், அந்தத் தள்ளுபடியை மிச்சமிருக்கும் பொருளாகக் கொடுத்துவிட்டால் இரண்டு வேலையும் முடிந்தது. "இவ்வளவு வசதிகள் இலவசம்" என்று ஒரு ஸ்பெஷல் எடிஷன் வரும், கதவில் ஒரு பேட்ஜ், வேறு சக்கரம், கூடவே சேர்ந்துபோன ஆப்ஷன்கள். நான் இதை வியாபாரம் என்றுதான் சொல்வேன், தப்பு என்று சொல்லவில்லை.

பெயர் பெற்ற கார்கள் என்றால் அந்தக் கடைசி எடிஷனே ஒரு விழா. மெக்சிகோவில் பழைய பீட்டில் 2003 ஜூலையில் நின்றபோது கடைசி எடிஷனாக 3,000 கார்கள், நிறமோ நீலம், பழுப்பு வெள்ளை என்று இரண்டே இரண்டு. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 2016 ஜனவரியில் நிற்பதற்கு முன்பு ஹெரிடேஜ், அட்வென்ச்சர், ஆட்டோபயோகிராஃபி என்று மூன்று எடிஷன் வந்தது. சாதாரணக் குடும்பக் காருக்கு அந்த மரியாதை கிடைக்காது, சத்தமில்லாமல் பட்டியல் குட்டையாகும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆப்ஷன் போனால் மாடலே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு பண்ணாதீர்கள். 2021இல் சிப் பஞ்சம் வந்தபோது பிஎம்டபிள்யூ சில மாடல்களில் டச் ஸ்கிரீன் இல்லாமல் கார் கொடுத்தது, ஜெனரல் மோட்டார்ஸ் பல மாடல்களில் சூடாகும் சீட்டை நிறுத்தியது. அதெல்லாம் வயதான கார்கள் என்பதால் இல்லை. கவனித்தீர்களா, அப்போது போனது எல்லாம் எலக்ட்ரானிக்ஸ், அதுவும் ஒரே நேரத்தில் பல மாடல்களில். உங்கள் காரில் போனது பெயின்ட், சீட், கியர். அதே கம்பெனியின் மற்ற கார்களில் இதெல்லாம் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பக்கத்து மேசைக்காரர் சொன்னதுதான் உண்மை.

நடுப்பாதை:

சட்டத்தையும் கணக்கில் சேருங்கள். ஐரோப்பாவில் 2018 செப்டம்பர் 1 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் டபிள்யூஎல்டிபி புகைச் சோதனை கட்டாயமானது. அதில் ஒரு மாடலுக்குப் பொதுவாக ஒரே எண் என்ற வசதி கிடையாது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆப்ஷனின் எடை, சக்கரத்தின் அளவு, டயரின் உருளும் தடை, காற்றுத் தடை எல்லாம் சேர்ந்து உங்கள் காருக்கான கார்பன் டை ஆக்சைடு எண் வரும். எஞ்சின்-கியர் ஜோடி ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை வேறு. சோதனைக்கூடங்களில் வரிசை நின்றதில் ஃபோக்ஸ்வாகன் ஒப்புதல் வராத கார்களை நிறுத்த இடம் இல்லாமல் அன்றைக்குத் திறக்கப்படாமல் இருந்த பெர்லின் விமான நிலையத்தில் வாடகைக்கு இடம் பிடித்தது. இப்படி ஒரு நெருக்கடியில் முதலில் பலியாவது வயதான மாடலின் குறைவாக விற்கும் ஜோடிகள்தான். மலைப்பாதையின் பெரிய எஞ்சின் மேனுவல் எங்கே போயிருக்கும் என்பதற்கு இது நல்ல விளக்கம்.

சில நேரம் சட்டம் காரையே முடித்துவைக்கும். ஐ.நா.வின் 155ஆம் எண் சைபர் பாதுகாப்பு விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையில் எல்லாப் புதுக் கார்களுக்கும் வந்தது. பழைய மின்னணு அமைப்புள்ள காரை அதற்கு ஏற்ப மாற்றுவது அடித்தளத்திலிருந்து வேலை. போர்ஷே பெட்ரோல் மக்கானையும் 718 பாக்ஸ்டர், கேமனையும் அங்கே விற்பதை நிறுத்தியது இதனால்தான், மற்ற நாடுகளில் தொடர்ந்து விற்றது. ஆக, ஒரே கார் ஒரு இடத்தில் செத்து இன்னொரு இடத்தில் உயிரோடு இருக்கலாம். வெளிநாட்டு யூடியூப்காரர் "நிறுத்திவிட்டார்கள்" என்று சொன்னால் எந்தச் சந்தையைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மலைப்பாதை:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. ஓரக்கண்ணாடி சொன்ன மாதிரிப் பார்த்தேன், மற்ற மாடல்களில் எல்லாம் அப்படியே இருக்கின்றன, இது ஒன்றில்தான் பட்டியல் இளைத்திருக்கிறது. சரி, அப்படியானால் விடைபெறுகிற கார்தான். எனக்கு அது பெரிய குறை இல்லை, ஓட்டிப் பார்த்துப் பிடித்துப்போன கார்.

ஒரு சந்தேகம். அடாப்டிவ் க்ரூஸ் இப்போது ஆட்டோமேட்டிக்கில் மட்டும். மேனுவல் எடுத்துக்கொண்டு அதை வெளியே போட்டுக்கொள்ளலாம், சீட்டையும் பழுப்பில் மாற்றிவிடலாம் என்கிறார்கள். நடக்குமா?

கியர்பெட்டி:

க்ரூஸ், நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன் பம்பருக்குப் பின்னால் ரேடார், அதைப் பிடிக்கும் பிராக்கெட், பல கார்களில் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, தானாக பிரேக் பிடிக்கத் தெரிந்த பிரேக் கன்ட்ரோல் யூனிட், ஸ்டீயரிங்கில் பட்டன்கள், இதற்கெல்லாம் வயர். ஆப்ஷன் இல்லாத காரில் அந்த வயர் கட்டிலேயே இருக்காது. எல்லாவற்றையும் தேடிப் பிடித்து மாட்டினாலும் காரின் கணினிக்கு அது இருக்கிறது என்று கோடிங் போட்டு, ரேடாரை அளவுப் பலகை வைத்து நேராக்க வேண்டும். கொஞ்சம் கோணல் இருந்தால் பக்கத்து லேன் லாரிக்கு பிரேக் பிடிக்கும். தொழிற்சாலையில் வராத பாதுகாப்புச் சாமானைப் பிற்பாடு சேர்ப்பது வேண்டாத வேலை. சக்கரம், ஸ்பீக்கர், பார்க்கிங் சென்சார், இவற்றை எப்போது வேண்டுமானாலும் போடலாம்.

சீட் செய்யலாம், ஒரு விஷயம் தெரிந்த ஆளாக இருந்தால். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும். அது வெடிக்கும்போது கிழிந்து வழிவிடுவதற்காகவே அந்த இடத்துத் தையலை வலுவில்லாத நூலில், குறிப்பிட்ட இடைவெளியில் போட்டிருப்பார்கள். உறை தைப்பவர் "நல்ல ஸ்ட்ராங் நூல் போட்டிருக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னால் பயப்படுங்கள். மேலே இழுத்து மாட்டும் உறையும் அப்படித்தான், ஏர்பேக் பக்கத்தை மூடக்கூடாது.

கடைசிபெஞ்ச்:

நான் இப்படிக் கடைசிக் காலத்தில் வந்த ஒரு காரைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் இந்தப் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். முதல் வருடத்தில் எல்லோரும் புலம்பிய கோளாறுகள் என்னிடம் வரும்போது சரியாகியிருந்தன. மெக்கானிக்குகளுக்கு அத்துப்படியான கார். நஷ்டம் எங்கே என்றால், புதுசு வந்தவுடன் மறுவிற்பனை விலை இறங்கும், திரையில் புது வசதிகள் எதுவும் இனி வராது. நிறைய வருடம் வைத்திருப்பவருக்கு முதல் விஷயம் பெரிதில்லை, மூன்று வருடத்தில் விற்பவருக்கு அதுதான் எல்லாம்.

பழையது முழுசாகப் போகாமல் புதுசுக்குப் பக்கத்திலேயே நிற்பதும் உண்டு. ஸ்கார்பியோ-என் 2022இல் வந்த பிறகும் பழையதை ஸ்கார்பியோ கிளாசிக் என்று பெயர் மாற்றி, எஸ், எஸ்11 என்று இரண்டே வேரியன்ட்டில், 4x4 இல்லாமல் தொடர்ந்தார்கள். அமெரிக்காவில் ரேம் 1500 கிளாசிக் என்ற பிக்கப் வண்டியும் அதே கதை, புது ரேமுக்குப் பக்கத்தில் 2024 வரை ஓடியது. ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவைக் கடைசி வருடங்களில் போலீஸ், டாக்ஸி மாதிரி மொத்தமாக வாங்குபவர்களுக்கு மட்டும் விற்றார்கள். அப்படித் தொடர்ந்தால் பாகங்களுக்குக் கவலை இல்லை.

உங்களுக்கு என் யோசனை: புதிதாக ஆர்டர் போடாமல், பட்டியல் சுருங்குவதற்கு முன்பு தயாராகி எங்காவது விற்காமல் நிற்கும் கார் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய எஞ்சின் மேனுவல் எல்லாம் அப்படித்தான் ஒரு மூலையில் தூங்கும். ஒரே ஷோரூமில் கேட்டால் போதாது, டீலர்கள் தங்களுக்குள் காரை மாற்றிக்கொள்வார்கள்.

நடுப்பாதை:

நின்ற காரை எடுத்தால் தேதியைப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும், 3524 என்றால் 2024இன் 35ஆவது வாரம். அமெரிக்க முறையில் எண் போடும் காராக இருந்தால் விஐஎன் என்ற 17 இலக்க வாகன அடையாள எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் வருடம், ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025. ஐரோப்பாவில் அந்த இடத்தைக் கட்டாயம் அப்படி நிரப்ப வேண்டும் என்றில்லை, அதனால் அதை மட்டும் நம்பாமல் தயாரிப்புத் தேதியை எழுத்தில் கேளுங்கள். பேட்டரி வெயிலில் நின்றே வீணாகியிருக்கும், புதிது போட்டுத் தரச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

மலைப்பாதை:

க்ரூஸை விட்டுவிடுகிறேன், மேனுவல்தான் முக்கியம். இரண்டு டீலர்களிடம் நின்ற கார் பற்றிக் கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். ஒருவர் டெஸ்ட் டிரைவுக்கு ஓடிய கார் ஒன்று இருக்கிறது, நான் கேட்ட எஞ்சின், மேனுவல் என்கிறார். பச்சை நிறம் வேறு!

கடைசிபெஞ்ச்:

அதை எடுத்தால் வாரன்ட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று முதலில் கேளுங்கள். டீலர் பெயரில் பதிவான நாளிலிருந்தே ஓட ஆரம்பித்திருக்கும், மிச்சம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு விலை பேசுங்கள். கிளட்ச்சையும் ஒரு முறை ஏற்றத்தில் வைத்துப் பாருங்கள், டெஸ்ட் டிரைவ் காரின் கிளட்ச்சில் கை வைக்காத ஆளே இருக்க மாட்டார்கள்.

ஓரக்கண்ணாடி:

கை இல்லை, கால்.