சின்னப் பிள்ளைகள், ஒற்றைப் பெற்றோர், ஒரு உயில்: எங்கள் அனுபவங்கள்

ஒன்பது வயதுப் பையனுக்கும் ஐந்து வயதுப் பெண்ணுக்கும் அம்மா:

கணவர் இறந்த பிறகு வந்த காகித வேலைகள் எல்லாம் அவருடைய கணக்குகளை முடிப்பதற்கானவை. எனக்குப் பிறகு என்ன என்று யாரும் கேட்கவில்லை. பெரிய சொத்து எதுவும் இல்லாதவளுக்கு உயில் எதற்கு என்றுதான் சுற்றியிருந்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் அப்பாவும் அம்மாவும் இருக்கிற வீட்டில் ஒருவர் போனால் இன்னொருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் நான்தான். ஒரு பெயரை நான் எழுதி வைக்காவிட்டால், சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, என் பிள்ளைகளை அதுவரை பார்த்தே இராத ஒரு நீதிபதிதான் முடிவெடுக்க வேண்டிவரும்.

அதனால் என் உயிலில், எனக்குப் பிறகு பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்கும் காப்பாளர் யார் என்பதைத்தான் முதலில் தீர்மானித்தேன். தங்கையிடம் கேட்டேன். யோசிக்க நேரம் கேட்டாள். அப்புறம் வந்து, "அக்கா, உன் பிள்ளைங்கன்னா எனக்கு உயிர். ஆனா எங்க வீட்டு நிலைமையில என்னால தாங்க முடியாது" என்றாள். அன்று ரொம்ப வலித்தது. இன்று யோசித்தால், அவள் எனக்குச் செய்த பெரிய உதவி அதுதான். முகத்துக்காகச் சரி என்று சொல்லியிருந்தால் பிள்ளைகள்தானே அல்லாடியிருப்பார்கள்?

அடுத்து கணவரின் அண்ணனிடம் கேட்டேன். அவர் உடனே சம்மதித்தார். ஆனாலும் அண்ணியிடம் தனியாகப் போய்ப் பேசினேன். விடிந்தால் பிள்ளைகளை எழுப்புவதும் காய்ச்சல் வந்தால் கண்விழிப்பதும் அவர்தானே. அவர் கேட்ட கேள்விகளிலேயே எனக்கு நம்பிக்கை வந்தது: பையனுக்கு இரவில் பயம் வருமா, இருவரையும் ஒரே அறையில் படுக்க வைக்கலாமா, உன் அம்மா எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்தானே என்றெல்லாம் கேட்டார்.

எனக்குத் தோன்றாத ஒன்றை வக்கீல் கேட்டார். "அவர்கள் இருவரும் பிரிந்துவிட்டால் பிள்ளைகள் யாரிடம்?" அண்ணியிடம் என்று எழுதினோம். அவர்களால் முடியாமல் போனால் யார் என்று இரண்டாவதாக ஒரு தோழியின் பெயரையும் சேர்த்தோம். இரண்டு பிள்ளைகளையும் பிரிக்கக் கூடாது என்பது தனி வரியாக இருக்கிறது. உயிலில் எழுதினாலும் கடைசி வார்த்தை நீதிமன்றத்துடையதாக இருக்கலாம், அது பிள்ளையின் நலனைத்தான் பார்க்கும் என்றும் அவர் சொன்னார். ஆனால் பெற்றவள் யோசித்துக் கையெழுத்திட்ட ஒரு பெயரை யாரும் லேசில் தள்ளிவிட மாட்டார்கள்.

ஒரு மகளின் அப்பா:

நான் பணத்தைப் பற்றிச் சொல்கிறேன், இதில்தான் நிறைய குழப்பம் இருக்கிறது.

மைனர் பிள்ளை பெயரில் நேரடியாக எழுதிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். அந்தப் பணத்தை அவள் தொட முடியாது, அவளுக்காக யாராவது நிர்வகித்தாக வேண்டும். பெரும்பாலான நாடுகளில் 18 வயதானதும் மொத்தத் தொகையும் அவள் கைக்குப் போய்விடும். பதினெட்டு வயதில், அப்பா அம்மா இருவரும் இல்லாத ஒரு பெண்ணிடம் இன்சூரன்ஸ் தொகை முழுவதையும் ஒரே நாளில் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் உயிலிலேயே ஒரு டிரஸ்ட் வைத்தேன், அதாவது பணத்தை வேறொருவர் பொறுப்பில் வைத்து மகளுக்காக நிர்வகிக்கும் ஏற்பாடு. படிப்புக்கும் மருத்துவத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், மீதியில் ஒரு பகுதி 21 வயதில், எஞ்சியது 25 வயதில்.

மகளை வளர்க்கப்போவது என் அக்கா. பணத்தைப் பார்த்துக்கொள்ளப்போவது என் நண்பர். அக்கா மீது சந்தேகமா என்று உறவில் ஒருவர் கேட்டார். சந்தேகமே இல்லை. வளர்க்கிறவர் ஒவ்வொரு செலவுக்கும் ஊருக்குக் கணக்குச் சொல்லி நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் பிரித்தேன். அக்காவுக்கு இது நிம்மதி.

இன்னொன்று, துணையை இழந்தவர்கள் அவசியம் பார்க்க வேண்டியது. வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ், வேலையிடத்து சேமநிதி எல்லாவற்றிலும் நாமினி யார் என்று போய்ப் பாருங்கள். என் படிவங்களில் மனைவி பெயர்தான் இருந்தது. உயில் எழுதினால் அது தானாக மாறாது. அமெரிக்கா போன்ற இடங்களில் இன்சூரன்ஸ் படிவத்தில் இருக்கும் பெயருக்குத்தான் பணம் போகும், உயிலில் வேறு எழுதியிருந்தாலும் செல்லாது. வேறு சில நாடுகளில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பிக்கிறவர் மட்டுமே. உங்கள் நாட்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டையும் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் எழுதுங்கள்.

சித்தியிடம் வளர்ந்தவள்:

நான் இப்படிப்பட்ட ஒரு உயிலின் மறுபக்கத்தில் இருந்தவள். அப்பா முதலில் போனார், அம்மா போகும்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா சித்தியின் பெயரை எழுதி வைத்திருந்தார். அதைவிட முக்கியம், என்னிடம் முன்கூட்டியே கேட்டிருந்தார். "எனக்கு ஏதாவது ஆனா நீ யார்கிட்ட இருப்ப?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் சித்தி என்றேன். அந்தப் பதில் காகிதத்தில் இருக்கிறது என்று பின்னால் தெரிந்தபோது, என்னைத் தூக்கி யாரிடமோ கொடுத்துவிட்டார்கள் என்ற எண்ணம் எனக்கு ஒருநாளும் வரவில்லை. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் தன் கருத்தைச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்று 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அம்மாவுக்கு அது தெரிந்திருக்காது. ஆனாலும் கேட்டார்.

உயிலோடு சித்திக்கு ஒரு கடிதமும் இருந்தது. சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் எந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது, கோபம் வந்தால் கொஞ்ச நேரம் தனியாக விட வேண்டும், அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சை மாற்றக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். சொத்துப் பத்திரத்தை நான் இரண்டு தடவைக்கு மேல் பார்த்ததில்லை. கடிதம் இன்னும் என் பையில் இருக்கிறது. தயவுசெய்து அப்படி ஒன்று எழுதுங்கள். வருடம் ஒருமுறை திருத்துங்கள், பிள்ளைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்பவர்:

மேலே சொன்னவற்றோடு சிலதைச் சேர்க்கிறேன்.

சாட்சிகள். பல நாடுகளில் இரண்டு பேர் தேவை. உயிலால் பயன்பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். இங்கிலாந்தின் 1837-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி, சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதியது செல்லாமல் போகும். அந்தக் கட்டாயம் இல்லாத இடத்திலும் வெளியாள் இருப்பதே நல்லது.

காப்பாளரை நியமிக்கும் முறையும் இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்தில் 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி தேதியிட்டுக் கையெழுத்திட்ட ஒரு தாளே போதும். இந்தியாவில் 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர், காப்பாளர் சட்டம், கணவனை இழந்த தாய் உயில் மூலம் காப்பாளரை நியமிக்க வெளிப்படையாகவே உரிமை தருகிறது. பிரான்ஸ் போன்ற நாடுகளில் பிள்ளைகளுக்கான பங்கைச் சட்டமே ஒதுக்கிவிடுவதால், சொத்தை முழுக்க இஷ்டம்போல எழுத முடியாது.

மறுமணம் செய்துகொள்ளப்போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் திருமணம் பழைய உயிலை ரத்து செய்துவிடும், அந்தத் திருமணத்தை மனதில் வைத்து எழுதியதாக உயிலிலேயே சொல்லியிருந்தால் தவிர. முதல் துணையின் பிள்ளைகளுக்கென்று எழுதியதெல்லாம் அதோடு போய்விடும். புது வாழ்க்கை தொடங்குகிற சந்தோஷத்தில் இதை யாரும் நினைப்பதில்லை, நினைவூட்டவும் எல்லாரும் தயங்குகிறார்கள்.

கடைசியாக, அசல் உயில் எங்கே இருக்கிறது என்று அதை நிறைவேற்றப்போகிறவருக்கும் காப்பாளருக்கும் சொல்லிவையுங்கள். உங்கள் வசம் இருந்த அசல் உங்களுக்குப் பிறகு கிடைக்கவில்லை என்றால், நீங்களே கிழித்துப்போட்டதாக நீதிமன்றம் அனுமானிக்கும் நாடுகள் உண்டு. நகல் கையில் இருந்தாலும் அந்த அனுமானத்தை உடைக்க உங்கள் பிள்ளைகள் சார்பில் யாராவது வழக்காட வேண்டியிருக்கும்.