புதுப்பிப்பு: பவர் பிஐ (மைக்ரோசாஃப்ட்டோட டேட்டா ரிப்போர்ட் டூல்) ரிப்போர்ட்ல விளக்க வரி சேர்க்கிறது
சார்ட்டுக்குப் பக்கத்துல எழுதுற விளக்கம் ஃபில்டர் மாத்தினாலும் பழசாவே நிக்குதுன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, அது சரியாயிடுச்சு. டெக்ஸ்ட் பாக்ஸ்ல நேரடியா டைப் பண்ண வரி தானா மாறாது, அதனால வாக்கியத்தையே ஒரு மெஷரா (ஃபில்டருக்கு ஏத்த மாதிரி மாறுற ஃபார்முலா) எழுதி, செலக்டட்வேல்யூ (ஃபில்டர்ல தேர்ந்தெடுத்த ஒரே மதிப்பைத் தர்ற ஃபங்ஷன்) வச்சு எந்த மாசம்னு எடுத்து, அதோட நம்பரைச் சேர்த்து, சார்ட் டைட்டில்ல எஃப்எக்ஸ் (fx) பட்டனை அமுக்கி அந்த மெஷரைக் குடுத்துட்டேன், இப்ப ஃபில்டரோட சேர்ந்தே மாறுது. ஒண்ணு கவனிங்க, ரெண்டு மாசம் செலக்ட் பண்ணா செலக்டட்வேல்யூ காலியா வரும், ரெண்டாவது ஆர்க்யுமென்ட்ல "பல மாதங்கள்"னு போட்டுடுங்க.

டேட்டாவைப் பார்த்து தானாவே விளக்கம் எழுதுற பவர் பிஐயோட ஸ்மார்ட் நேரேட்டிவும் பார்த்தேன். கூடுச்சு குறைஞ்சுதுன்னு சொல்லும், ஆனா படிக்கிறவங்களுக்கு ஏன்னு தெரியணுமே, அதை நாமதான் எழுதணும். மாசவாரியா குறிப்புக்குத் தனி டேபிள் வச்சு, "டெலிவரி தாமதம், ஆர்டர் அடுத்த மாசத்துக்குப் போயிடுச்சு"ங்கிற மாதிரி எழுதி அதையும் மெஷர்ல இழுத்துட்டேன்.