அழகிப் போட்டி மேடையிலிருந்து சண்டைக் காட்சிக்கு: கோத்தகிரியில் இருந்தபடியே எதைப் பழகலாம்?

கோத்தகிரிப்பனி:
வணக்கம்ங்க. இங்க காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிற பொண்ணு ஒருத்திக்காகக் கேக்கறேன். வயசு 19, உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 54 கிலோ, கராத்தேல பிரவுன் பெல்ட் (கறுப்பு பெல்ட்டுக்கு முந்தின படி). அழகிப் போட்டி வழியா சினிமாவுக்குப் போகணும், அதுலயும் ஆக்‌ஷன் வேஷம்தான் வேணும்ங்கறா. அழகிப் போட்டியில இருந்து சண்டைப் படத்துக்கு வந்த நடிகைங்க கல் கடோட், மிஷெல் யோ ரெண்டு பேரையும் உதாரணம் காட்டறா. கிரீடம் கிடைச்சா சண்டைப் படம் தானா வருமா? கீழ இறங்கறதுக்கு முன்னாடி மலையிலயே எதெல்லாம் பழகலாம், எது வீண் செலவு?

ரீல்பொட்டி:
தானா வராதுங்க. அந்தப் பொண்ணு சொல்ற ரெண்டு பேரையே எடுத்துக்கலாம்.

மிஷெல் யோ மலேசியாவுல ஈப்போக்காரர். லண்டன்ல ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ்ல பாலே படிச்சார், முதுகுல அடிபட்டதால மேடையில ஆட முடியாமப் போச்சு. 1983ல மிஸ் மலேசியா ஆனது அதுக்கு அப்புறம்தான். அடுத்த வருஷம் ஜாக்கி சான் கூட ஒரு விளம்பரம், அந்தக் கதவு வழியா ஹாங்காங் சினிமா. 1985ல சண்டை நாயகியாவே வந்துட்டார். தற்காப்புக் கலை முறையாப் படிச்சவர் இல்ல. பாலேக்காரங்க அடவை எண்ணிப் பழகற மாதிரி சண்டையையும் எண்ணிப் பழகினவர். 1992ல வந்த படத்துல ஓடற ரயில் மேல மோட்டார் சைக்கிளோட பாஞ்சதும் அவரேதான்.

கல் கடோட் 2004ல மிஸ் இஸ்ரேல். அதே வருஷம் எக்வடோர்ல நடந்த மிஸ் யுனிவர்ஸ்ல கலந்துக்கிட்டார், அரையிறுதிக்குக்கூட வரல. அப்புறம் ரெண்டு வருஷம் கட்டாய ராணுவ சேவை, உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கற வேலை. 2009ல வந்த கார் பந்தயப் படம் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்'க்கு அவரை எடுத்தப்ப இயக்குநர் ஜஸ்டின் லின்னுக்குப் பிடிச்சது அந்த ராணுவப் பின்னணிதான்னு அவரே சொல்லியிருக்கார். அவர் சூப்பர் ஹீரோவா நடிச்ச வொண்டர் வுமன் தனிப் படமா வந்தது 2017. கிரீடத்துக்கும் அதுக்கும் நடுவுல 13 வருஷம். (அதே வேஷத்தை 1975ல டிவியில போட்ட லிண்டா கார்ட்டரும் 1972 மிஸ் வேர்ல்டு யூஎஸ்ஏதான்.)

நம்ம பக்கம் பிரியங்கா சோப்ரா: 2000ல மிஸ் வேர்ல்டு, 2002ல விஜய்க்கு ஜோடியாத் தமிழ்ல முதல் படம், குத்துச்சண்டை வீராங்கனையா நடிச்சது 2014ல. திருச்சிப் பொண்ணு அனுக்ரீத்தி வாஸ் தடகளத்துல இருந்து வந்து 2018ல மிஸ் இந்தியா ஆனார், முதல் படம் 2022.

கிரீடத்தால முகம் தெரிய வரும், அவ்வளவுதான். யோவுக்கு பாலே, கடோட்டுக்கு ராணுவம், அனுக்ரீத்திக்கு ஓட்டம்னு எல்லாருக்கும் வேறொரு இடத்துல பழகின உடம்பு இருந்தது. கிரீடமே இல்லாம ஆட்டத்தை வெச்சே மேல வந்ததுக்கு உங்க ஊர் சாய் பல்லவி இருக்காங்களே.

கப்பிக்கயிறு:
பிரவுன் பெல்ட் நல்ல முதல். ஆனா ரேம்ப் நடைக்குப் பழகின உடம்பை சண்டைக்குத் திருப்பறது லேசு இல்ல, ரெண்டும் நேரெதிர். ரேம்ப்ல தாடை தூக்கி, முட்டி நேரா, இடுப்பு ஆடணும். சண்டையில தாடை கழுத்துக்குள்ள, முட்டி மடங்கி, எடை முன்பாதத்துல, இடுப்பு கீழ. சிரிச்ச முகத்தை மணிக்கணக்கா அப்படியே நிறுத்திப் பழகினவங்களுக்கு அடி வாங்கற முகமே வராது. குத்து விடறதை யாரும் ஒரு மாசத்துல கத்துக்கலாம். வாங்கறதுக்குத்தான் நாளாகும்.

இதைப் பழக செல்போன் போதும். அடி வாங்கறவர் தலைக்குப் பின்னாடி, தோள் உயரத்துல வைங்க. குத்தறவர் முஷ்டிக்கும் முகத்துக்கும் ஒரு அடி இடைவெளி. பின்மண்டை மறைக்கறதால அது படத்துல தெரியாது. பக்கவாட்டுல வெச்சா உடனே குட்டு வெளிப்பட்டுடும். கராத்தேக்காரங்க செய்யற முக்கியமான தப்பு இங்கதான்: குத்து நேரா வந்து முகத்துக்கு முன்னாடி டக்குனு நிக்கும். கேமராவுக்கு அது பொய். முஷ்டி ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் குறுக்கே வெட்டிப் போகணும், போற திசையிலயே தலையும் திரும்பணும். விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடுது. தலை 6 ஃப்ரேம் பிந்தினா, அதாவது வெறும் கால் விநாடி, தியேட்டர்ல சிரிப்பாங்க. கராத்தேயோட சிலம்பமும் சேத்துக்கச் சொல்லுங்க. மணிக்கட்டும் தோளும் வட்டமாத் திரும்பப் பழகும். கம்பு நிக்கவெச்சா நெத்தி உயரம் இருக்கணும். தாழ்வான கூரை போட்ட ஹால்ல கம்பு இடிக்கும்னு குட்டைக் கம்பு எடுத்தா அளவே மாறிடும், வெளியில போய்ப் பழகுங்க.

அடுத்தது விழறது. முதல் ரெண்டு வாரம் குந்தின நிலையில இருந்து மட்டும். தாடை நெஞ்சோட ஒட்டணும், முதுகு வில்லா வளையணும், புட்டம் தரையைத் தொட்ட அடுத்த நொடி ரெண்டு கையும் உடம்புல இருந்து 45 டிகிரியில உள்ளங்கை விரிச்சுத் தரையை அறையணும், மூச்சு வெளிய போகணும். அப்புறம் அரைகுந்தல், அப்புறம் நின்னபடி. கையை ஊணி விழறவங்களுக்கு மணிக்கட்டு இல்லேன்னா காறை எலும்பு போகும். தாடையை மறந்தா பின்மண்டை.

ரோப் வேலையை, அதாவது கயித்துல தொங்கிப் பறக்கற சண்டையை, மலையில சொந்தமா முயற்சியே பண்ண வேண்டாம், மரத்துல கயிறு கட்டியெல்லாம் கூடவே கூடாது. ஆனா அதுக்கான உடம்பை இங்கயே தயார் பண்ணலாம். ஹார்னஸ்ல (இடுப்பு, தொடையைச் சுத்தி மாட்டற பட்டை) பெரும்பாலும் இடுப்புக்கு ரெண்டு பக்கமும் கயிறு மாட்டுவாங்க. வயித்துத் தசை இறுகாட்டி தலை முன்னாடியோ கால் பின்னாடியோ கவுந்துடும். பிளாங்க் (முழங்கை, கால்விரல் ஊணி உடம்பை நேரா நிறுத்தறது) 90 விநாடி, தொங்கிக்கிட்டே முட்டியை நெஞ்சுக்குத் தூக்கறது 10 தடவை: ரெண்டும் கோணாம வந்தா ஸ்டண்ட் மாஸ்டர் மறுபடி கூப்பிடுவார். ஹார்னஸ் தொடையை அறுக்கும், உள்ள தையல் இல்லாத இறுக்கமான ஷார்ட்ஸ் போடணும். ஷாட் இல்லாத நேரம் சும்மா தொங்கவிட்டா கால்ல ரத்தம் தேங்கி மயக்கம் வரும். இறக்கிவிடச் சொல்ல வெக்கப்படக் கூடாது.

மலையில ஷூட்டிங்னா இன்னொண்ணு. உயரத்துல இருந்து விழற ஷாட்டுக்குக் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேல மெத்தை போடுவாங்க. மூலை மடிஞ்சு நொறுங்கும்போதுதான் வேகத்தை வாங்கிக்கும். ராத்திரி அடுக்கி வெச்ச பெட்டி காலைப் பனியில நனைஞ்சு நமுத்துப் போனா அந்த வேலையைச் செய்யாது, நேரா தரைக்கு விட்டுடும். ஒரு பெட்டியைக் கையால அமுக்கிப் பாக்கற உரிமை குதிக்கறவங்களுக்கு உண்டு. நீலகிரியில ரெண்டு வகை அட்டைக்கும் பயப்படணும், கால்ல ஏர்றது பரவால்ல.

மலைக்காத்து:
உடம்பு விஷயம் மட்டும் சொல்றேன். ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் 1,850. ஊட்டியில காத்தழுத்தம் கடல்மட்டத்தை விட கிட்டத்தட்ட கால்பங்கு குறைவு. இங்க ஓடிப் பழகின மூச்சு சென்னையில கை குடுக்கும், ஆனா வேர்வை கவுத்துடும். வெக்கைக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். ரிகர்சல் தேதிக்குப் பத்து நாள் முன்னாடியே மேட்டுப்பாளையம், கோயமுத்தூர்னு இறங்கித் தங்கட்டும். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கையில வெச்சுக்கணும்.

டிசம்பர், ஜனவரியில உறைபனி விழற காலையில ஆறு மணிக்கே உதைக்கப் பழகினா பின்தொடை பிடிச்சுக்கும். வெயில் ஏறினப்புறம், 20 நிமிஷம் உடம்பு சூடாக்கிட்டுத் தொடங்குங்க. தேயிலைத் தோட்டத்துப் பாதையில ஏறும்போது ஓடலாம், இறங்கும்போது நடக்கணும். இறக்கத்துல ஓட்டம் முட்டிச் சில்லைத் தேய்க்கும்.

ஹீல்ஸ் பத்தி யாரும் சொல்லல. 4 அங்குல ஹீல்ஸ்ல தினமும் நடந்து பழகினா ஆடுதசை இறுகும், கணுக்கால் மடங்காது, குதிச்சு இறங்கறப்ப வேகமெல்லாம் முட்டிக்குப் போகும். சோதனை ஒண்ணு இருக்கு: சுவர்ல இருந்து பெருவிரலை 10 செ.மீ. தள்ளி வெச்சு, குதிகால் தூக்காம முட்டியால சுவரைத் தொடணும். முடியலேன்னா ஹீல்ஸ் நேரத்தைக் குறைச்சு, ஆடுதசையை 30 விநாடி வீதம் மூணு தடவை நீட்டுங்க.

சாப்பாட்டுல போட்டிக்குன்னு பட்டினி வேண்டாம். 54 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 75 முதல் 85 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டைல 6 கிராம், வெந்த கோழி 100 கிராம்ல சுமார் 27. மீதிக்கு அவரை, பயறு, தயிர். ராகிக் களியை நிறுத்தச் சொல்றவங்களை நம்பாதீங்க, மாவுச்சத்து இல்லாம உதை எழும்பாது. மூணு மாசம் மாதவிடாய் வராமப் போச்சுன்னா எடை குறைஞ்ச சந்தோஷம் வேண்டாம், டாக்டர்கிட்டப் போகணும். எலும்பு விரிசல் அடுத்து வரும்.

கோத்தகிரிப்பனி:
ரொம்ப நன்றிங்க. ரெண்டு சந்தேகம். போட்டிக்கு எவ்வளவு செலவாகும்? அப்புறம் விழுந்து பழக மேட் எது வாங்கறது, இங்க சிமென்ட் தரைதான்.

ரீல்பொட்டி:
விண்ணப்பத்துக்கு ஒப்பனை இல்லாத முகப் படம், முழு உருவப் படம், சின்ன அறிமுக வீடியோ போதும். போர்ட்ஃபோலியோவுக்கு (வாய்ப்பு கேக்கக் காட்டற படத் தொகுப்பு) லட்சக்கணக்குல கேட்டா நகர்ந்துடுங்க. தேர்வானதுக்கு அப்புறம் "பயிற்சிக் கட்டணம்"னு பணம் கேக்கற போட்டி கிரீடம் விக்கிற கடை. பெரிய போட்டியில ஜெயிச்சா ஒப்பந்தம் வரும். எத்தனை மாசம் கட்டுப்படணும், அதுக்குள்ள படம் ஒத்துக்க யார் அனுமதி வேணும், சம்பளத்துல எத்தனை சதவீதம் அவங்களுக்கு: இந்த மூணு வரியையும் வக்கீல் படிச்சுட்டு அப்புறம் கையெழுத்து. ஒரு வருஷம் படமே பண்ண முடியாமப் போறது இதுலதான்.

கப்பிக்கயிறு:
பல்லு பல்லாக் கோக்கற ஃபோம் மேட், கனம் 40 மி.மீ. யோகா மேட் விழறதுக்கு உதவாது. 2 மீட்டருக்கு 3 மீட்டர் இடம் போதும். நின்னபடி பின்பக்கம் விழத் தொடங்கும்போது அதுக்கு மேல ஒரு பழைய இலவம்பஞ்சு மெத்தை. மழை மாசத்துல சிமென்ட் தரையோட ஒட்டிக் கிடந்தா அடியில பூசணம் பிடிச்சு வழுக்கும், கணுக்கால் திரும்பறது அதனாலதான். பழகி முடிச்சதும் கழட்டி, துடைச்சு, சுவர்ல சாய்ச்சு நிறுத்தி வைங்க.