உதவி: வால்வு அம்ப் சத்தம் தானாக இறங்குகிறது (திருகோணமலை)

உவர்மலைப் பொடியன்
அண்ணாமார், அவசரம். பழைய கிற்றார் அம்ப் ஒன்று வாங்கினேன், வால்வு (கண்ணாடிக் குழல்) போட்டது. கொண்டுவந்த அன்று ஒரு பிரச்சினையும் இல்லை. இப்ப வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் அமுங்கிப்போகிறது, கொஞ்ச நேரத்தில் சட்டென்று திரும்ப வருகிறது. இரைச்சலும் இருக்கு. ஞாயிறு ஆராதனைக்கு வேணும். எந்த வால்வை மாற்றலாம்? திருமலையில் வால்வு விற்கிற கடை இருக்கா?

மட்டுநகர் பேஸ்
என்ன அம்ப் தம்பி? எத்தனை வொட்? உள்ளே என்ன வால்வு? கிற்றார் சத்தம் அமுங்கும்போது இரைச்சலும் சேர்ந்து அமுங்குதா, இல்லை அது பாட்டுக்கு நிற்குதா? ஒன்றும் சொல்லாமல் எந்த வால்வு என்று கேட்டால் நாங்கள் என்ன சாத்திரமா பார்ப்பது?

ரேடியோ மாமா
கண்டென்சர். சந்தேகமே வேண்டாம். வால்வு ரேடியோ காலத்திலிருந்து பார்க்கிறேன், இரைச்சல் என்றால் கரண்டைச் சீராக்குகிற பில்டர் கண்டென்சர் காய்ந்துவிட்டது. செலவில்லாத சோதனை ஒன்று: ஆறாம் தந்தியின் மூன்றாவது பிரெட்டை அழுத்தி மீட்டிப் பார். அது 98 ஹேர்ட்ஸ். இரைச்சலின் சுருதி அதற்குக் கிட்ட நின்றால் 100 ஹேர்ட்ஸ், கண்டென்சர்தான். ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் 50, அது எர்த் அல்லது வயர் வழியாக வருவது.

பயஸ் மன்னன்
இதே கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. மேலே தேடல் பெட்டி இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. வால்வு அம்ப் வாங்கினால் முதல் வேலை பயஸ், அதாவது சும்மா நிற்கும்போது பவர் வால்வில் ஓடுகிற கரண்டை, அளப்பது. 6எல்6ஜிசி பவர் வால்வு என்றால் ஒரு வால்வுக்கு 30 வொட் எல்லை, சும்மா நிற்கும்போது அதில் 70 வீதத்தைத் தாண்டக்கூடாது. இது தெரியாதவர்கள் டிரான்சிஸ்டர் அம்ப் வாங்குவது எல்லோருக்கும் நல்லது.

நிலாவெளி லீட்
பயஸ் பிழையாக இருந்தால் சத்தம் இப்படி வந்து வந்து போகாது. தம்பி, பின்பக்கம் எபெக்ட் பெடல் கொழுவ இரண்டு ஓட்டை இருக்கா? ஒன்றில் ப்ரீஅம்ப் அவுட், மற்றதில் பவர் அம்ப் இன் என்று எழுதியிருக்கும். ப்ரீஅம்ப் என்றால் கிற்றார்ச் சமிக்ஞையை முதலில் பெருக்குகிற பகுதி, பவர் அம்ப் என்றால் ஸ்பீக்கரை ஓட்டுகிற பகுதி.

உவர்மலைப் பொடியன்
ஓம், இருக்கு. பெயர்த்தகடு கழன்றுபோயிருக்கு, என்ன மொடல் என்று தெரியாது. ஜப்பானிலிருந்து வந்த சாமான். பின்னால் 40 வொட், ஏசி 100 வோல்ட் என்று போட்டிருக்கு. பெரிய வால்வு இரண்டு 6எல்6, சின்னது மூன்று 12ஏஎக்ஸ்7. வோல்ட்டை இறக்குகிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் வைத்துத்தான் பாவிக்கிறேன். கிற்றார் மட்டும்தான் அமுங்குது, இரைச்சல் அப்படியே நிற்குது.

கொழும்புக் கிற்றார்காரன்
ஆ, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஸ்டெப் டவுன் எத்தனைக்கு இறக்குது? கடையில் வாங்கினால் அநேகமாக 110தான். 100 வோல்ட் அம்புக்கு 110 கொடுத்தால் உள்ளே எல்லாம் பத்து வீதம் ஏறும். வால்வைச் சூடாக்குகிற ஹீட்டர் 6.3 வோல்ட்டுக்குச் செய்தது, 6.9க்குப் போய்விடும். பிரச்சினை இதுதான், வேறொன்றும் இல்லை.

பயஸ் மன்னன்
அதைவிடப் பெரிய விஷயம் மீடிறன். ஸ்டெப் டவுன் வோல்ட்டைத்தான் இறக்கும், நம் 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. 60க்குச் செய்த டிரான்ஸ்போமரை அதே வோல்ட்டில் 50இல் ஓட்டினால் காந்தப்பாயம் 20 வீதம் கூடும், இரும்பு சூடேறும். பாடசாலைப் பௌதிகம்.

கொழும்புக் கிற்றார்காரன்
பாடசாலையில் புவியியலும் இருந்தது. ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60. டோக்கியோவிலும் ஒசாகாவிலும் ஒரே பெட்டியை விற்க வேண்டும் என்றால் இரண்டுக்கும் தாங்குகிற டிரான்ஸ்போமர்தான் போடுவார்கள்.

பயஸ் மன்னன்
போடுவார்கள் என்பது ஊகம். பின்னால் 50/60 என்று இருக்கா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை என் கருத்தில் மாற்றம் இல்லை.

ரேடியோ மாமா
கண்டென்சரைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

சீனக்குடா ட்ரம்மர்
இரைச்சலுக்கு ஒரு சுருக்கு வழி, பிளக்கில் எர்த்தைக் கழற்றிவிட்டால் போய்விடும். எங்கள் பாண்டில் அப்படித்தான்.

நிலாவெளி லீட்
தம்பி, அதை மட்டும் செய்யாதே. உள்ளே ஏதாவது பழுதானால் அம்பின் உடம்பில் கரண்ட் ஏறி, வயர் வழியே கிற்றார்த் தந்திக்கு வரும். நீ தந்தியைப் பிடித்தபடி மைக்கில் உதட்டை வைப்பாய். சேர்ச்சில் பாடுகிற ஆளுக்கு வேறென்ன சொல்ல.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரைச்சல் நிற்க கிற்றார் மட்டும் அமுங்கினால், பவர் பகுதி வேலை செய்கிறது, அதற்கு முன்னால் எங்கேயோ சமிக்ஞை அறுபடுகிறது என்றுதான் அர்த்தம். அந்த பவர் அம்ப் இன் ஓட்டைக்குள் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். ஒன்றும் செருகாதபோது அது இன்னொரு முனையில் படிந்திருக்கும், ப்ரீஅம்ப் சமிக்ஞை அந்தத் தொடுகை வழியாகத்தான் பவர் பகுதிக்குப் போகிறது. பெடல் கொழுவாத ஆட்களின் அம்பில் வருடக்கணக்காக அந்தத் தகடு அசைவதே இல்லை. கடற்காற்றில் அதில் கருமை படரும், பச்சை பூக்கும். அப்புறம் ஸ்பீக்கர் அதிர அதிரத் தொடுகை விடும், பிடிக்கும். எங்கள் பக்கம் கதவுப் பிணைச்சலே கறள் பிடிக்கிறது, இது எம்மாத்திரம்?

ஒரு சின்னப் பெடல் வயரை எடுத்து ப்ரீஅம்ப் அவுட்டிலிருந்து பவர் அம்ப் இன்னுக்குக் கொழுவு. சத்தம் நிலையாக நின்றால் கள்ளன் பிடிபட்டான். ஞாயிறுக்கு அப்படியே கொண்டுபோகலாம். பிறகு கொண்டாக்ட் கிளீனரை ஒரு பிளக்கில் அடித்து, ஓட்டைக்குள் விட்டு எடுத்து விட்டு எடுத்துத் துடை. அம்ப் ஓடும்போது அடிக்காதே.

பெட்டியைத் திறக்காதே. பிளக்கைக் கழற்றினாலும் கண்டென்சரில் 400 வோல்ட் அளவில் நிற்கும். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டும் போடாதே, அவுட்புட் டிரான்ஸ்போமர் போய்விடும்.

பயஸ் மன்னன்
தொடுகைப் பிரச்சினையாகவும் இருக்கலாம். பயஸ் அளக்க வேண்டும் என்பது அப்படியே இருக்கிறது.

உவர்மலைப் பொடியன்
வயர் கொழுவினேன். சத்தம் இறங்கவே இல்லை. வலு நன்றி அண்ணா. ஆனால் வொல்யூம் 2க்குப் போனாலே காது கிழியுது, 1இல் ஒன்றும் இல்லை. தொனியும் கூர்மையாக இருக்கு. இதற்கு என்ன செய்ய?

நிலாவெளி லீட்
40 வொட் வால்வு சின்ன அறைக்குக் கூடுதல்தான். கொழுவிய வயரின் நடுவே ஒரு வொல்யூம் பெடல் வை, அம்பின் வொல்யூமை 4 வரை ஏற்றிவிட்டு மொத்தச் சத்தத்தைப் பெடலில் இறக்கு. ப்ரைட் சுவிட்ச் இருந்தால் நிறுத்து. ட்ரெபிள் 4, மிட் 7, பாஸ் 3 என்று தொடங்கிக் காதைக் கேள். எல்லாம் 5இல் வைத்தால் சமம் என்று நினைக்காதே, இந்த வகைச் சுற்றில் நடுச்சுரம் குழிந்துதான் இருக்கும். ஸ்பீக்கருக்கு நேரே நின்று கேட்டால் கூர்மை கூடுதலாகத் தெரியும், பக்கவாட்டில் நின்று கேள்.

அதற்கும் மேலே வேணும் என்றால் கிற்றார் செருகுகிற பக்கத்து முதல் வால்வைப் பெருக்கம் குறைந்த ஒன்றாக மாற்றலாம். 12ஏஎக்ஸ்7இன் பெருக்கக் காரணி 100, 5751க்கு 70, 12ஏவை7க்கு 45 அளவு. மூன்றும் அதே சொக்கெட்டில் உட்காரும். கரண்டை நிறுத்தி, ஆறவிட்டு, துணியால் பிடித்துக் கழற்று. திருமலையில் வால்வுக்கு அலையாதே, வெளியிலிருந்து எடுப்பிக்க வேண்டிவரும்.

மட்டுநகர் பேஸ்
எல்லாம் சரி, ஸ்டெப் டவுன் 100ஆ 110ஆ? பொடியன் அதைச் சொல்லவே இல்லையே. 110 என்றால் டிரான்ஸ்போமர் சுற்றுகிற ஆளிடம் 100க்கு ஒன்று சுற்றுவித்து எடுப்பது நல்லது.

ரேடியோ மாமா
மூன்றாவது பிரெட்டை மீட்டிப் பார்த்தாயா தம்பி? இரைச்சல் இன்னும் இருக்குத்தானே?

மூதூர் கீபோர்ட்
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடமும் 100 வோல்ட் ஜப்பான் கீபோர்ட் ஒன்று இருக்கு, 110இல்தான் ஓடுது. அடப்டர் நன்றாகச் சூடாகிறது. இதற்கும் அதே கதைதானா?

பயஸ் மன்னன்
தனி இழை தொடங்கவும். மொடல் எண்ணைப் போடவும்.