உதவி தேவை: டைமிங் பெல்ட் வேலையோடு வேறு எவற்றை மாற்றுவது?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். என்னுடைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார் 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. வழக்கமான சர்வீஸுக்கு விட்டபோது டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைத்து இயக்கும் ரப்பர் பெல்ட்), டென்ஷனர் (அதை இறுக்கிப் பிடிப்பது), வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடுவது), ஸ்பார்க் பிளக்குகள், நான்கு இக்னிஷன் காயில்கள் (பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தம் தருபவை), ஆக்சிஜன் சென்சார் (புகையில் ஆக்சிஜனை அளப்பது) ஆகியவற்றை மாற்ற வேண்டும் என்றும், என்ஜின் ஃப்ளஷ் (திரவம் ஊற்றி உள்ளே கழுவுவது) செய்துகொள்வது நல்லது என்றும் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். வண்டி எந்தக் குறையுமின்றி ஓடுகிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. 1,00,000 கிலோமீட்டர் அல்லது 6 ஆண்டுகளில் பெல்ட்டை மாற்றும்படி கையேடு சொல்கிறது. அந்தத் தூரத்தை எட்டாத நிலையில் இப்போதே மாற்றத்தான் வேண்டுமா, பட்டியலில் எவற்றைத் தள்ளிப்போடலாம் என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1

வணக்கம். கையேடு தூரத்தையும் ஆண்டையும் சேர்த்துச் சொன்னால், எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. வண்டி குறைவாக ஓடினாலும் சூட்டினாலும் வயதினாலும் ரப்பர் தளர்ந்துவிடும் என்பதால்தான் ஆண்டுக் கணக்கைத் தனியாகக் கொடுக்கிறார்கள். ஆகவே உங்கள் பெல்ட்டுக்குக் கெடு ஏற்கெனவே கடந்துவிட்டது. பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். இக்காலப் பெல்ட்டுகள் பல, மேலே வெடிப்பு எதுவும் காட்டாமலே அறுந்துபோகக்கூடியவை. உங்களுடையது பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் வகை என்ஜினாக இருந்தால், பெல்ட் அறுந்த மறுகணமே பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். பிறகு சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும்.

எந்தப் பாகத்துக்கும் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். இது கெட்டால் தன்னோடு என்ஜினையும் கெடுக்குமா? இப்போது பிரிக்கும் இடத்திலேயே இது இருக்கிறதா? டென்ஷனருக்கும் ஐட்லர் புல்லிக்கும் (பெல்ட்டை வழிநடத்தும் உருளை) இரண்டு கேள்விகளுக்குமே விடை ஆம் என்பதே. புதுப் பெல்ட்டைப் பழைய பேரிங்கின் மேல் ஓடவிட்டால், பேரிங் இறுகும் நாளில் பெல்ட்டும் போய்விடும். வாட்டர் பம்ப்பை இந்தப் பெல்ட்டே சுழற்றுகிறது என்றால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பின்னால் அது கசிந்தால் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும், கூலியும் மறுபடி ஆகும். பம்ப் தனி பெல்ட்டில் வெளியே இருந்தால் அவசரமில்லை.

காயில்களையும் ஆக்சிஜன் சென்சாரையும் வயதைப் பார்த்து மாற்றுவது தேவையற்றது. அவை பழுதானால் பெரும்பாலும் பிழைக் குறியீடு பதிவாகும். ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் (அதில் எரிதல் தவறினால்) அதன் காயிலை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். உதாரணமாக, முதல் சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கு மாற்றியதும் பி0301 (முதல் சிலிண்டர் மிஸ்) என்ற குறியீடு பி0303 (மூன்றாவது சிலிண்டர் மிஸ்) ஆக இடம் மாறினால் காயில்தான் காரணம் என்று உறுதியாகிவிடும்.

பதில் 2

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன்; தெர்மோஸ்டாட்டையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. பம்ப்பை மாற்றக் கூலன்ட்டை எப்படியும் வடிக்கிறார்கள். தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் சூடேறி, அலுமினிய ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட்டும் போய்விடும். என்ஜின் ஃப்ளஷ் வேண்டாம். உள்ளே படிந்திருக்கும் கசடு ஒரேயடியாகப் பெயர்ந்தால் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கக்கூடும். கெடு தவறாமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி வந்திருந்தால் ஃப்ளஷுக்கு வேலையே இல்லை.

பிளக் எந்த வகை என்று பாருங்கள். இரிடியம் வகை பொதுவாக 1,00,000 கிலோமீட்டர் அளவுக்கு உழைக்கும். சாதாரண நிக்கல் முனை என்றால் அதில் பாதிகூட வராது. எதுவானாலும் என்ஜின் ஆறிய பிறகே கழற்றச் சொல்லுங்கள். சூட்டோடு கழற்றினால் அலுமினியத்தில் மரை பிய்ந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று உடனிருந்து டைமிங் பெல்ட் கவரைத் திறந்து, பிளக்குகளையும் கழற்றச் செய்தேன். இந்தப் பெல்ட்தான் பம்ப்பைச் சுழற்றுகிறது. பம்ப் தண்டுக்குக் கீழே உள்ள சிறு துளையிலிருந்து இளஞ்சிவப்புக் கோடு ஒன்று வழிந்து உப்புப் பூத்தாற்போல் காய்ந்திருக்கிறது. பிளக்குகள் இரிடியம் வகை; வெள்ளைப் பீங்கான் பகுதி வெளிர் பழுப்பாக இருக்கிறது. ஆனால் மூன்றாவது பிளக் குழியில் மட்டும் ஆயில் தேங்கியிருந்தது. காயிலின் ரப்பர் உறையும் அதில் நனைந்திருக்கிறது. இதற்காகக் காயிலை மாற்ற வேண்டுமா?

பதில் 1

அந்தக் கோடு காய்ந்த கூலன்ட். பம்ப்பின் உள் சீல் கசியத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை. பம்ப்பை மாற்றுவது பற்றி இனி யோசிக்க வேண்டாம். பிளக்குகளின் நிறம் எரிதல் சீராக நடப்பதைக் காட்டுகிறது. கழற்றியவற்றையே திரும்பப் போடலாம்.

குழியில் ஆயில் இருப்பது காயிலின் குற்றமன்று. டாப்பெட் கவர் (என்ஜினின் மேல் மூடி) பேக்கிங்கும் பிளக் குழியைச் சுற்றியுள்ள வளைய சீலும் இறுகிப்போனதால் மேலிருந்து ஆயில் இறங்குகிறது. அவற்றை மாற்றி, குழியைத் துடைத்து, காயிலின் உறையைச் சுத்தம் செய்து போடுங்கள். உறை ஊதிப்போயிருந்தாலோ வெடித்திருந்தாலோ அதை மட்டும் மாற்றினால் போதும். பல காயில்களில் உறை தனியாகவே கிடைக்கும்.

பெல்ட் கவர் திறந்திருக்கும்போதே கேம் ஷாஃப்ட் (வால்வுகளை இயக்கும் தண்டு), கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) ஆயில் சீல்களையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டினால் கட்டாயம் மாற்ற வேண்டும், ஏனெனில் ஆயில் பட்ட பெல்ட் கெடுவரை தாங்காது. காய்ந்திருந்தால் தொடாமல் விடுவதே என் வழக்கம்.

பதில் 2

கையேட்டில் குறிப்பிட்ட வகைக் கூலன்ட்டையே ஊற்றச் சொல்லுங்கள். நிறம் ஒத்திருப்பதால் மட்டும் வகை ஒன்றாகிவிடாது. ஊற்றிய பின் காற்றை முழுவதுமாக வெளியேற்ற வேண்டும். ஓரிரு முறை ஓட்டி, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரிசர்வ் டேங்கில் அளவைப் பாருங்கள். சற்றுக் குறைந்திருந்தால் அதே கூலன்ட்டை ஊற்றிச் சரிசெய்யலாம், தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால் வண்டியை உடனே திரும்பக் காட்டுங்கள்.