புதுப்பிப்பு: ஜெனரேட்டரும் அனலைசரும் ஒத்துப்போய்விட்டன

சிக்னல் ஜெனரேட்டரில் (சோதனைக்கான சிக்னலை உருவாக்கும் கருவி) 1 கிகாஹெர்ட்ஸ் வைத்தால் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் (சிக்னலை அதிர்வெண் வாரியாகக் காட்டும் கருவி) உச்சம் ஒரு கிலோஹெர்ட்ஸ் அளவுக்குத் தள்ளித் தெரிகிறது, போகப்போக நகரவும் செய்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். அது சரியாகிவிட்டது.

அனலைசர் தன் அதிர்வெண்ணுக்கு அடிப்படையாக வைத்திருக்கும் 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் சிக்னலை வெளியே தரும் ரெஃப் அவுட்டிலிருந்து, அதை வாங்கிக்கொள்ளும் ஜெனரேட்டரின் ரெஃப் இன்னுக்கு ஒரு பிஎன்சி கேபிள், அவ்வளவுதான். சில கருவிகளில் கேபிளைச் செருகினால் மட்டும் போதாது. மெனுவில் ரெஃபரன்ஸை எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வருவது) என்று மாற்ற வேண்டும். இரண்டு கருவிகளுக்குள்ளும் இருக்கும் ஆஸிலேட்டர்களுக்கு (ரெஃபரன்ஸ் சிக்னலை உண்டாக்கும் பகுதி) இடையே பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே 1 கிகாஹெர்ட்ஸில் அது 1 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். இப்போது ஸ்பானை (திரையில் தெரியும் அதிர்வெண் அகலம்) 100 ஹெர்ட்ஸுக்குக் குறுக்கினாலும் உச்சம் நடுவிலேயே நிற்கிறது. (துல்லியம் கூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அனலைசரின் ஆஸிலேட்டர் தப்பாக ஓடினால் இரண்டும் சேர்ந்தே தப்பும்.)

அப்புறம் ஸ்வீப், அதாவது அதிர்வெண்ணை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திக்கொண்டே போவது. ரெஃபரன்ஸ் ஒன்றானாலும் இரண்டும் ஒரே நொடியில் கிளம்பாது. அதற்கு, தொடங்கச் சொல்லும் சிக்னலைக் கொண்டுபோகும் ட்ரிகர் கேபிள் தனியாக வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு ஃபில்டரை வைத்து, எந்த அதிர்வெண்ணை அது எவ்வளவு விடுகிறது என்ற வளைவு மட்டும் போதும் என்றால், ஜெனரேட்டரை மெதுவாக ஸ்வீப் செய்யவிட்டு அனலைசரில் மேக்ஸ் ஹோல்ட் (ஒவ்வொரு புள்ளியிலும் வந்த அதிகபட்ச அளவைத் திரையில் அப்படியே வைத்திருக்கும் வசதி) போட்டுவிடுங்கள். ட்ரிகர் இல்லாமலே வேலை முடிந்துவிடும்.